ஐந்தாம் மாடியில் மாமா

சட்டப்படி எனக்கு மாமனார் என்று யாரும் இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்றே அந்த உறவும் முடிந்துபோனது. ஆனாலும் ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை, மதியம் கடை மூடியதும் பஸ் ஏறிப் போய், நான்காவது மாடியில் ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்துகிறேன். கதவைத் திறப்பவரை இன்றைக்கும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது?

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள். கடையின் முன்பக்கம் பளபளவென்று விளக்கும் நிலைக்கண்ணாடியும் ஃப்ரேம்களுமாக இருக்கும். நான் இருப்பது பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பு சீவி, பொருத்திக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக லென்ஸ் தூள் அப்பியிருக்கும். மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முப்பத்தெட்டு வருஷம். ஊரில் பாதிப் பேரைத் தூக்கி இறக்கியவன் நான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

எங்கள் கல்யாணம் ஆறு வருஷம் நீடித்தது. என் கணவருக்கு அலுவலகத்தில் இன்னொரு பெண்ணோடு பழக்கம் இருந்தது தெரியவந்ததும், வழக்கம்போலப் பெரியவர்கள் கூடினார்கள். அவருடைய சித்தப்பா வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர். என் பக்கம் அம்மாவும் தாய்மாமனும் மட்டும். ஒரு மணி நேரம் பேசினார்கள். "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும், விட்டுக்குடுத்துப் போகணும்" என்று சித்தப்பா முடித்துவைக்கப் பார்த்தார். என் அம்மாகூடத் தலையாட்டிவிட்டாள். அப்போது மூலையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நின்றார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

"ரெண்டு பக்கம் எல்லாம் இல்ல. ஒரு பக்கம்தான். அது என் பக்கம்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் முன்னால் அப்படிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு யோசிக்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த மோசமான நாட்களில், எல்லாம் என் தப்போ என்று தோன்றும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வேலைக்குப் போனேன்.

பிரிந்து எட்டு மாதம் கழித்து, பிரிக்காமல் வைத்திருந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்தால், உள்ளே மாமாவின் ஸ்பேனர் செட் இருந்தது. கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அத்தை இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மகனும் புது மனைவியோடு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். கதவைத் திறந்த மாமா என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனர் செட்டைப் பார்த்தார்.

"டீயா, காபியா?"

"இல்ல மாமா, சும்மா இதக் குடுத்துட்டு..."

"டீயா, காபியா?"

"டீ."

அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாமா உட்காருவார், இன்னொன்றில் பழைய பேப்பர்கள் உட்கார்ந்திருக்கும். நான் போகிற சனிக்கிழமை மட்டும் பேப்பர்கள் கட்டிலுக்கு இடம் மாறும். டீ குடித்ததும் சீட்டுக்கட்டை எடுப்பார். ரம்மி. விளையாட்டில் அவர் இரக்கமே காட்டமாட்டார்; நான் தோற்றால் சந்தோஷத்தை மறைக்கவும் மாட்டார். நடுவில் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாள் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொள்வார். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தாளின் பின்பக்கம் நம்பர் போட்டு எழுதியிருந்தது: ஒன்று, தண்ணீர்க் குழாய். இரண்டு, மூன்றாம் மாடி நாய். மூன்று, பல் டாக்டர் சொன்ன ஜோக். நான்கு, மழை.

இரண்டு வாரமாக என்னிடம் சொல்வதற்காகச் சேர்த்துவைத்த பேச்சு அது. மறந்துபோய்விடக் கூடாதே என்று எழுதி வைத்திருக்கிறார். பதின்மூன்று நாள் அந்த மனுஷன் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. "அந்த மூணாம் மாடி நாய் எப்படி இருக்கு மாமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அத ஏன் கேக்கற!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. போன வருஷம் சில விஷயங்கள் மாறின. சீட்டு சலித்துவிட்டது என்றார். பேப்பரை நிறுத்திவிட்டார், "எல்லாம் புளுகு, அதுக்கு எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கணும்" என்றார். காலண்டர் தாள் வருவதும் நின்றுபோனது. சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது, வயதாகிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். டீயைக் கோப்பை வழிய ஊற்றுவார். கை நடுங்குகிறது என்று நினைத்து, அதற்குப் பிறகு நானே ஊற்ற ஆரம்பித்தேன். பகலிலேயே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, போகும்போது ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்தேன். என் தொழில் என்ன என்று யாராவது அப்போது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். கடையில் இயந்திரத்தில் லென்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண்.

"நான் அஞ்சாவது மாடி டீச்சர் பேசறேம்மா. உங்க மாமனார் எங்க வீட்டுப் பூட்டுல சாவியப் போட்டுத் திருகிட்டே இருந்தார். யாருடான்னு திறந்து பாத்தா, 'நீங்க என் வீட்டுல என்ன பண்றீங்க'ன்னு என்னையே கேக்கறார்!"

"ஐயோ. இப்ப எங்க இருக்கார்?"

"இங்கதான், உக்கார வச்சிருக்கேன். தண்ணி குடுத்தேன், குடிக்கல. உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கல. அவர் பாவம், வெளியூர் வேலை, எப்ப முடிஞ்சு வருவாரோ... இந்த வயசுல ஒரு மாதிரி மறதி வரும்னு சொல்வாங்களே, அதுவாம்மா?"

உங்க வீட்டுக்காரர் என்றது காதில் விழுந்தது. ஆனால் அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. முதலாளியிடம் "வீட்ல ஒரு அவசரம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், வாய் தானாகவே "வீட்ல" என்று சொல்லியிருக்கிறது.

டீச்சர் வீட்டில், சாப்பாட்டு மேஜை ஓரமாக மாமா உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து இன்னும் கையிலேயே இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். என் குரலைக் கேட்ட பிறகுதான் எழுந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. லிஃப்ட் தப்பான மாடில நின்னுடுச்சு. கோளாறு புடிச்ச லிஃப்ட்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமா லிஃப்டைக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. கரண்டைத் திட்டுவார், கட்டடத்தைத் திட்டுவார், கதவை எட்டி உதைக்கிறவர்களைத் திட்டுவார்; லிஃப்டை மட்டும் திட்டமாட்டார். அதுபாட்டுக்கு வேலை செய்யும், மனுஷன்தான் சும்மா இருக்கமாட்டான் என்பார். அந்த வாயிலிருந்தா இது?

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரைக் கீழே கூட்டிவந்தேன். லிஃப்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. முந்தின நாள்தான் பொத்தான் பலகையை மாற்றியிருந்தார்கள். பழையதில் எண்கள் மேடாக, தொட்டால் தெரிகிற மாதிரி இருக்கும். புதியது வழவழவென்ற இரும்புத் தகடு. பழையதில் கீழே முதல் பொத்தான் ஆபத்து மணி, அடுத்தது தரைத்தளம். புதியதில் மணியை மேலே கொண்டுபோய்விட்டார்கள். கீழிருந்து விரலால் எண்ணி ஆறாவதை அழுத்துகிறவர் இனி ஐந்தாம் மாடிக்குத்தான் போவார்.

வீட்டுக்குள் வந்ததும் அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தேன். ஒரு சீட்டை உருவி அவர் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன மாமா?"

"இப்ப என்ன விளையாட்டு?"

"சொல்லுங்க."

கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். "ஸ்பேடு. ஏழு."

அது கிளாவர் ஒன்பது.

"விளக்கப் போடும்மா, இருட்டா இருக்கு."

"போட்டாச்சு மாமா. எல்லாமே எரியுது."

சீட்டை மெதுவாக மேஜையில் வைத்தார். நான் அவரை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டு கருவிழிகளுக்குள்ளும் பாலில் நனைத்த மாதிரி வெள்ளை. டாக்டர் படிப்பு வேண்டாம், என் கடைக்கு வருகிற யாரைக் கேட்டாலும் கண்புரை என்று சொல்லியிருப்பார்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் லென்ஸ் வெட்டிக் கொடுக்கிறவள், ஒரு வருஷமாக இந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். எங்காவது ஓடி ஒளியலாம்போல இருந்தது.

"எவ்ளோ நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும். முதல்ல பல்புதான் மங்குதுன்னு நினைச்சேன். ஆறு பல்பு மாத்தினேன்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டேன், "ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ அவனுக்குச் சொல்லுவ. அவன் வந்து என்னைக் கூட்டிட்டுப் போய்டுவான். தனியா இருக்கக் கூடாதும்பான். கெட்டவன் இல்ல, அவனும் பாவம்." சாவிக்கொத்தை மேஜைமேல் இப்படியும் அப்படியுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்க சனிக்கிழமை கிடையாதும்மா."

நான் எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினேன். கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினேன். அப்போதுதான் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"டீச்சர் என்னவோ சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் வெளியூர் வேலைல இருக்காராமே?"

மாமாவுக்கு முகம் கறுத்தது. "நான் யார்கிட்டயும் சொல்லல. நாலு வருஷமா."

"ஏன்? வெக்கமா?"

"வெக்கம்தான். அதுவும் உண்டு." சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆனா அது மட்டும் இல்ல. சொன்னா, அப்ப இந்தப் பொண்ணு எதுக்கு வந்து போகுதுன்னு கேப்பாங்க. அதுக்கு எனக்கே பதில் தெரியாது."

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னேன். "உங்க பையனுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. ஆபரேஷன்னு சொல்லுங்க. அங்க வரலன்னும் சொல்லுங்க. உங்க வாயாலதான் சொல்லணும்."

சொன்னார். மறுநாள் மகன் எனக்குப் போன் செய்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். குழந்தை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது, லீவு கிடைக்காது என்று ஏதேதோ சொன்னார். கடைசியில், "அப்பாவ உன் தலைல கட்டிட்டேன்னு நினைக்காத" என்றார்.

"என் தலைல யாரும் கட்டல. நானாத்தான் வர்றேன்."

"சரி" என்றார். போனை வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து லென்ஸைத் தேய்க்க ஆரம்பித்தேன். கை ஒரு மயிரிழைகூட விலகவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பையில் துணி எடுத்துவைக்கப் போனேன். சட்டைகளுக்கு அடியில் ஒரு நீளக் கவர் இருந்தது. மேல்பக்கம் பிரிக்கப்பட்டிருந்தது. நான் கையில் எடுத்ததை, சரசரப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அத அங்கயே வச்சிடும்மா."

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல. போட்டோ." தயங்கினார். "குழந்தையோட போட்டோ. அனுப்பி மூணு மாசமாச்சு. உன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் அடில வச்சேன்."

"நீங்க பாத்தீங்களா?"

"கையில எடுத்துப் பாத்தேன். ஏதோ வெள்ளையா ஒரு துணி. நடுவுல தலை மாதிரி ஒண்ணு." அவர் குரல் இறங்கிவிட்டது. "யார்கிட்டயாவது காட்டி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு பாத்தேன். யார்கிட்ட கேக்கறது? டீச்சர்கிட்ட காட்டினா, நீ பெத்த குழந்தைன்னு நினைச்சுக்குவாங்க."

தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்டு, பேத்தியின் முகத்தை மூன்று மாதமாகச் சட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போட்டோவை வெளியே எடுத்தேன். எனக்குக் குழந்தை இல்லை. அந்த ஆறு வருஷமும் அதற்காக ஏங்கியிருக்கிறேன். ஆனால் அதில் இருந்தது ஒரு பச்சைக் குழந்தை. அதற்கு என்மேல் என்ன பகை?

"பாப்பா நல்லா கொழுகொழுன்னு இருக்கு மாமா. வெள்ளைத் துணில சுத்தியிருக்காங்க, ஒரு கையை மட்டும் வெளிய எடுத்துடுச்சு. விரல மடக்கி வச்சிருக்கு, யாரையோ குத்தப் போற மாதிரி."

"முடி?"

"முன்னால கொஞ்சம். பின்னால தெரியல. காது ரெண்டும் பெருசு."

"காதா?" தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் காது பெரியது.

"சந்தேகமே இல்ல. உங்க காதுதான். புருவத்தச் சுருக்கி, போட்டோ எடுக்கறவர முறைக்குது. கதவ உதைக்கறவங்கள நீங்க பாப்பீங்களே, அந்தப் பார்வை."

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். என் கையைப் பிடித்து, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். நான் முதலிலிருந்து, கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ லேசாகிப்போனது. அந்தப் போட்டோவை நான் தனியாக எடுத்துப் பார்த்திருந்தால் பத்து நாள் தூங்கியிருக்கமாட்டேன். அவருக்காகப் பார்த்ததால் அந்தக் குழந்தையை என்னால் ரசிக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கே உட்காரவைத்துவிட்டார்கள். நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள்.

"கையெழுத்து நீங்கதானே போடறீங்க? பேஷன்டுக்கு நீங்க என்ன உறவு?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா குரல் வந்த திசையைப் பார்த்தார்.

"மருமக" என்றார். உடனே, "முன்னாள்" என்று சேர்த்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

நர்ஸ் பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டாள். "முன்னாள்னு எல்லாம் இதுல கட்டம் இல்லையே சார்." பிறகு எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, 'மற்றவை' என்ற கட்டத்தில் குறி போட்டாள். பக்கத்தில் 'கூட இருப்பவர்' என்று எழுதிக்கொண்டாள். "இது போதும்."

உள்ளே கூப்பிடும்வரை ஒரு மணி நேரம் இருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடி இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்ததால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்.

"மாமா, நான் எதுக்கு வர்றேன்னு தெரியலன்னீங்களே. சொல்லட்டுமா?"

"சொல்லு."

சித்தப்பா வீட்டுக் கூடத்தைச் சொன்னேன். மடக்கு நாற்காலியைச் சொன்னேன். அவர் சொன்ன வாக்கியத்தை வார்த்தை மாறாமல் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் காலையில் எழுந்து முகம் கழுவ அது ஒன்றுதான் காரணமாக இருந்தது என்பதையும் சொன்னேன். எங்கள் எதிரில் ஒரு அம்மா தன் டோக்கன் நம்பரை முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும், பரவாயில்லை.

மாமா முகத்தை நிமிர்த்தினார்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"ஞாபகம் இல்லையா?"

"எழுந்து நின்னது ஞாபகம் இருக்கு. கால் நடுங்கிச்சு, அதான் உடனே உக்காந்துட்டேன். என்ன சொன்னேன்னு மறந்தே போச்சு." மூடிய கண்ணோடு என் பக்கம் திரும்பினார். "உண்மையத்தானேம்மா சொன்னேன். அதுக்குப் போயா இத்தன வருஷம் பஸ் ஏறி வந்த?"

"முதல் வருஷம் அதுக்குத்தான் வந்தேன். அப்புறம் ரம்மில ஒரு தடவையாவது உங்கள ஜெயிக்கணுமேன்னு."

"அது நடக்காது" என்றார். அப்போது டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். மாமா அவரை நிறுத்தி, "சார், உள்ள வைக்கற லென்ஸ இவளே வெட்டித் தருவாளே, நல்லா வெட்டுவா" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, அது அளவாகவே வருகிறது, வெட்டவேண்டிய வேலை இல்லை என்று பொறுமையாக விளக்கினார். மாமாவுக்குத் திருப்தியில்லை.

அன்று அவர் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். மாமா முதலில் தன் கையைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரை. பிறகு நர்ஸின் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாமா?"

"உனக்கு நரை வந்துடுச்சு!"

"ஆமா, வந்து ஒரு வருஷம் ஆச்சு."

"யாருமே எனக்குச் சொல்லலையே" என்றார் குறையாக. நர்ஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. என் தலையை, நெற்றியை, கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படி யாரும் என்னைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "சரியா சாப்பிடறியா நீ?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது கண்ணும் ஆனது. அது ஆன மூன்றாம் நாள் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். டீச்சர் கதவைத் திறந்ததும் நின்றபடியே சொல்லிவிட்டார்: என் மகனும் இந்தப் பெண்ணும் பிரிந்து நாலு வருஷமாகிறது, நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்.

டீச்சர் கொஞ்சம்கூட அசையவில்லை. "அது எங்களுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் சார்."

"தெரியுமா?"

"இந்தக் கட்டடத்துல தெரியாதவங்க யாரு? நீங்க அப்படிச் சொல்லிட்டிருந்தீங்க, நாங்களும் அப்படியே கேட்டுட்டிருந்தோம்." பிறகு என்னைப் பார்த்து, "உள்ள வாம்மா, நின்னுட்டே இருக்கியே" என்றார்.

மாமா படியிறங்கி வரும்போது இரண்டு தடவை நின்று நின்று, "எல்லாருக்குமே தெரியுமாமே" என்றார். கொஞ்சம் அவமானமும் நிறைய நிம்மதியுமாக இருந்தது அவர் முகம். அதற்குப் பிறகு டீச்சரும் சில மதியங்களில் சீட்டு விளையாட வருகிறார். அவர் மாமாவை ஜெயித்துவிடுகிறாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

கிட்டத்தில் படிக்க மட்டும் அவருக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அதை நான்தான் வெட்டினேன். பதினாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டியிருப்பேன். அந்த ஜோடிக்கு மட்டும் விளிம்பை மூன்று தடவை மெருகேற்றினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன, நகையா செய்யற?" என்றார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாமா போன் செய்தார். "நாளைக்கு நீ வராத. நான் வர்றேன்."

ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறேன். இந்த நாலு வருஷத்தில் அம்மாவைத் தவிர யாரையும் அங்கே கூப்பிட்டதில்லை. காலையிலிருந்து கூட்டிப் பெருக்கினேன். என்னிடம் நாற்காலி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே தையல்காரரிடம் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். கை வைத்த, நல்ல அகலமான நாற்காலி.

இரண்டு மணிக்கு வந்தார். ஒரு பை ஆரஞ்சுப்பழம். அறையை நின்று பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். குளியலறைக் கதவு தரையில் உரசுவதைக் கவனித்து, கீல் திருகை முறுக்கிவிட்டார். அடுப்பருகே சுவரில் இருந்த ஈரக்கறையைக் காட்டி, "மேல் வீட்டுக் குழாய், நாளைக்கே சொல்லிடு" என்றார். நான் ஆம்லெட்டும் ரொட்டியும் செய்து கொடுத்தேன். முழுசாகச் சாப்பிட்டார். நான் தட்டுகளைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கையும் வயிற்றின்மேல்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கீழே தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. என் அறையில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தம். இந்த ஆள் எனக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். எல்லாவற்றையும் இழந்துவிட்டேன் என்று நான் வெளியே வந்த வீட்டிலிருந்துதான் இவர் கிடைத்தார். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு ஆரஞ்சை எடுத்து, சத்தம் வராமல் உரித்தேன்.

நாலரை மணிக்கு அவருடைய பஸ் ஒன்று இருக்கிறது. எழுப்ப மனசு வரவில்லை. அது போனது. ஐந்தேகால் பஸ்ஸும் போனது.